பெயரைச் சரிசெய்து தருகிறவர்கள்

ஆம்பூரில் ஒரு வீட்டுக்கு நல்ல தண்ணீர் இருந்தால் அதற்குமேல் அந்த வீட்டைப் பற்றி எதுவும் கேட்க வேண்டியதில்லை. சுவர் பெயர்ந்திருக்கலாம், மாடிப்படி முட்டியைப் பதம் பார்க்கலாம், எதிர்வீட்டுக்காரன் சண்டைக்காரனாக இருக்கலாம். போர் தண்ணீரைக் குடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. பாலாற்றுப் பக்கம் போர் போட்டால் தோல் ஊறவைத்த தொட்டியிலிருந்து மொண்ட மாதிரி ஒரு தண்ணீர் வரும். சோறு பொங்கினால் மஞ்சளாகும், சோப்புப் போட்டால் நுரைக்காது. நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில். அங்கே தண்ணீர் இனிக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் கேன் தண்ணீர் வாங்கியதில்லை. தெருவில் பாதிப் பேர் எங்கள் குழாயில்தான் குடம் பிடிப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

வீட்டுக்கார பாய்க்கு வயதாகிவிட்டது. வீட்டை விற்றுவிட்டு சென்னையில் மகளோடு போய் இருக்கப்போவதாக ஒரு நாள் வந்து சொன்னார். புரோக்கர் காதில் போடுவதற்கு முன்னால் எங்களிடம் சொன்னார், அது அவருடைய பெரிய மனசு. நாங்கள் எடுத்துக்கொண்டால் அவருக்குச் சந்தோஷம் என்றும், பெருநாள் வரைக்கும் டைம் தருவதாகவும், அதற்குமேல் பிள்ளைகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றும் சொன்னார். கேட்ட விலையும் நியாயமான விலை. அன்றைக்கு ராத்திரி என் வீட்டுக்காரர் சாப்பிட்டு முடித்துக் கைகழுவிவிட்டு பின்கட்டில் நின்று சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே ஒரு ரூம் இழுக்கலாம் என்று அவர் மனசுக்குள் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது.

அவர் டேனரியில் தோல் பதப்படுத்துகிற டிரம் ஓட்டுகிறவர். வாரச் சம்பளம், கையில் ரொக்கம், சீட்டு கிடையாது. பேங்கில் கேட்டால் அவர் என்கிற மனிதரே கிடையாது. நான் ஷூ கம்பெனியில் குவாலிட்டி சூப்பர்வைசர். எனக்குச் சம்பளச் சீட்டு உண்டு, பி.எப். உண்டு, கழுத்தில் தொங்குகிற கார்டு உண்டு. அதனால் வீட்டு லோனை என் பேரில் கேட்பதென்று முடிவாயிற்று.

பேங்க் ஆபீசர் முதலில் நாற்காலி போடச் சொன்னார். கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்தபிறகு அவர் முகம் மாறிவிட்டது. "ஸ்கோர் ரொம்ப கம்மியா இருக்கும்மா" என்றார். கடனை ஒழுங்காகக் கட்டுகிறவளா என்று பார்த்துப் போடுகிற மார்க்காம் அது. பள்ளிக்கூடத்தில்கூட நான் கம்மியாக வாங்கியதில்லை என்று எனக்கு வாய்வரைக்கும் வந்தது. அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். என் பேரில் ஒரு குழுக்கடன். பாதிக்குமேல் கட்டாமல் கிடக்கிறது, வருஷக்கணக்காக. வட்டி குட்டி போட்டு அசலைத் தாண்டிவிட்டது.

அந்தக் கடனில் ஒரு ரூபாயை நான் தொட்டுப் பார்த்ததில்லை. ஆனால் கையெழுத்து என்னுடையதுதான்.

இதை ஷூ கம்பெனிப் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் லைனில் இதை 'பேர் கொடுப்பது' என்று சொல்வோம். ஒருத்திக்கு அவள் பேரில் எடுக்க வேண்டிய கடனெல்லாம் எடுத்தாகிவிட்டது, இனிமேல் எந்தக் குழுவிலும் தரமாட்டார்கள். அப்போது பக்கத்து மெஷின்காரியிடம் கேட்பாள்: "உன் பேர் குடு, நான் கட்டிக்கிறேன்." இவள் போய்க் கையெழுத்துப் போட்டு, ரேஷன் கார்டைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்து, பணத்தை வாங்கி அப்படியே அவள் கையில் கொடுத்துவிடுவாள். அவள் வாரா வாரம் கட்டுவாள். நாளைக்கு இவளுக்கு ஆத்திரம் அவசரமென்றால் அவள் பேர் கொடுப்பாள். உப்பு, சர்க்கரை கைமாற்று வாங்குகிற மாதிரிதான். இதில் பேர் கொடுக்க மாட்டேன் என்று சொல்கிறவள் கல்நெஞ்சுக்காரி. சூப்பர்வைசரின் பேருக்கு மதிப்பு ஜாஸ்தி, ஏனென்றால் சம்பளச் சீட்டு இருக்கிறது. அதனால் என்னிடம் கேட்காதவள் இல்லை. நான் ஒருத்திக்குத்தான் கொடுத்தேன்.

அவள் என் லைனில் மேல்தோல் தைக்கிற மெஷினில் இருந்தாள். சுத்தமான கை. அவள் தைத்த ஜோடியை நான் திருப்பி அனுப்பியதாக நினைவில்லை. மத்தியானம் ஒரே டப்பாவில் சாப்பிடுவோம். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு அம்மாவோடு இருந்தாள். அந்தக் கடன் எதற்கென்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்: இன்னொரு கடனைக் கட்ட. ஒழுங்காகத்தான் கட்டிக்கொண்டிருந்தாள். பிறகு எங்கள் கம்பெனிக்கு ஆர்டர் குறைந்து, லைன் லைனாக ஆளைக் குறைத்தார்கள். சூப்பர்வைசர் என்பதால் நான் தப்பினேன், அவள் தப்பவில்லை. ராணிப்பேட்டைப் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, "நான் பாத்துக்கறேன்க்கா, நீங்க கவலப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். கடன்காரன் கொஞ்ச நாள் என் வாசலில் வந்து நின்றான். அவள் கட்டுவாள், அங்கே போய்க் கேள் என்று சத்தம்போட்டு அனுப்பினேன். ஒரு கட்டத்தில் அவன் வருவதை நிறுத்திவிட்டான். அவள் கட்டி முடித்துவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆள் வரவில்லையென்றால் கடன் தீர்ந்தது, அதுதான் எங்களுக்குத் தெரிந்த கணக்கு.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதை அன்றைக்கு பேங்க் படியில் உட்கார்ந்து அனுபவித்தேன். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

ஸ்கோர் சரிசெய்து தருகிற கம்பெனிகள் இருக்கின்றன என்று எனக்குச் சொன்னது ஒரு சுவரொட்டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், மூலத்துக்கு மருந்து விற்கிற நோட்டீசுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும். "லோன் கிடைக்கவில்லையா? முப்பதே நாளில் ஸ்கோர் உயர்த்தித் தரப்படும்." இப்போதுதான் நின்று படித்தேன்.

ஆனால் நான் சுலபத்தில் ஏமாறுகிறவள் இல்லை. அதற்குக் காரணம் என் வேலை. வெளிநாட்டில் எங்கள் ஷூவை வாங்குகிறவர்கள் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் ஆடிட் அனுப்புவார்கள். கம்பெனி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க. அவர்கள் வருகிற அன்றைக்குக் கம்பெனியைப் பார்க்க வேண்டும், கல்யாண வீடு தோற்றுப்போகும். பசை ஒட்டுகிற செக்‌ஷனில் அத்தனை பேருக்கும் புதுக் கையுறை. தீப்பிடித்தால் வெளியேறுகிற வழியில் அடுக்கியிருந்த பெட்டியெல்லாம் ராவோடு ராவாகக் காணாமல் போகும். மருந்துப் பெட்டியில் மருந்து இருக்கும். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பது யார் வேலை? என் வேலை. நன்றாகச் சொல்லிக்கொடுப்பேன்.

ஒரே ஒரு தடவை ஒரு பெண் ஆடிட்டர் வந்தாள். நாங்கள் அலங்கரித்து வைத்த எதையும் அவள் பார்க்கவில்லை. நேரே கக்கூசுக்குப் போனாள். வெளியே வந்தவள் எதிரில் வந்த ஒரு பெண்ணை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டாள், பத்தடி தள்ளிப்போய் இன்னொருத்தியிடம் அதே கேள்வியைக் கேட்டாள். இரண்டு பேரும் இரண்டு பதில் சொன்னார்கள். அன்றைக்கு எங்கள் மேனேஜர் முகத்தை நான் மறக்கவில்லை. ஜோடிக்கிறவளுக்குத்தான் ஜோடனை எங்கே முடிகிறது என்று தெரியும். அந்தக் கண்ணோடு போய் இந்தக் கம்பெனிகளைப் பார்ப்பதென்று முடிவு செய்தேன்.

முதலில் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த கம்பெனி. கீழே பிரியாணிக் கடை, மேலே இவர்கள். படியேறும்போதே வயிறு கேட்கிறது, அது தனி ராஜதந்திரம். உள்ளே ஏ.சி., கண்ணாடி மேஜை, வெயில் காலத்தில் கோட்டுப் போட்ட ஒரு வாலிபன். என்னை உட்காரச் சொல்வதற்கு முன்பே ஜூஸ் வந்தது. என் பிரச்சினையைக் கேட்கவே இல்லை, எதுவானாலும் முடித்துவிடலாம் என்றான். எப்படி முடிப்பீர்கள் என்று கேட்டேன். "உள்ள நம்ம ஆளு இருக்கு மேடம்" என்றான் தாழ்ந்த குரலில். பாதிப் பணம் முன்னால் கட்ட வேண்டுமாம். என் போனுக்கு ஒரு நம்பர் வருமாம், அதை அவனிடம் சொல்ல வேண்டுமாம். என் போனுக்கு வருகிற நம்பர் உனக்கு எதற்கு என்றதும் ஜூஸைக் குடிக்கச் சொன்னான்.

சுவரில் பயனடைந்தவர்கள் என்று சிரித்த முகங்களாக மாட்டியிருந்தார்கள். அதில் ஒரு அம்மாவைக் காட்டி, இவரிடம் பேச வேண்டும் என்றேன். உடனே நம்பர் கொடுத்தான், அந்த வேகமே எனக்குப் பிடிக்கவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்து போட்டேன். தட்டிக்குப் பின்னால் இருந்த ரூமில் மணி அடித்தது. வாலிபன் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. எனக்கு முன்னால் அங்கே காத்திருந்த ஒரு பெரியவர் கையில் பணக்கட்டைப் பிடித்தபடி என்னையும் அந்தத் தட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "வாங்க, போலாம்" என்றேன். அவர் வரவில்லை. அவருக்கு என்ன அவசரமோ.

அடுத்தது போனிலேயே நடக்கிற கம்பெனி. எங்கிருந்து பேசுகிறார்கள் என்றே தெரியாது, திருப்பத்தூரில் கிளை இருக்கிறது என்பார்கள், முகவரி கேட்டால் அனுப்புகிறோம் என்பார்கள். ஒரு பெண் தேன் மாதிரிப் பேசினாள். தினமும் கூப்பிட்டு, சாப்டீங்களா மேடம் என்பாள். என் அம்மாகூட அப்படிக் கேட்டதில்லை. ஒப்பந்தத்தை எழுத்தில் அனுப்பச் சொன்னேன். தமிழில் அனுப்பச் சொன்னேன், இங்கிலீஷில் வந்தது. எங்கள் ஆபீசில் ஒரு பையனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ஸ்கோர் ஏறாவிட்டாலும் கட்டிய பணம் திரும்பாது என்று பொடி எழுத்தில் இருந்தது. கேட்ட கூலியும் கொஞ்சமில்லை: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதைக்கூட மன்னித்திருப்பேன். அவள் சொன்ன இன்னொன்றைத்தான் மன்னிக்க முடியவில்லை: இனிமேல் நீங்கள் பேங்கிலோ கடன் கொடுத்தவர்களிடமோ நேரில் பேசக்கூடாது, எல்லாம் நாங்களே பேசிக்கொள்வோம். ஆடிட்டர் வரும்போது யாரைப் பேசவிடாமல் பின்பக்கம் அனுப்புவோமோ, அவளிடம்தான் விஷயம் இருக்கும். போனை வைத்தேன். அதற்குப் பிறகும் சாப்பிட்டீர்களா என்று கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவதுதான் வேலூர். ஆஸ்பத்திரிப் பக்கம், மெடிக்கல் கடைக்கும் லாட்ஜுக்கும் நடுவில் இரண்டாவது மாடி. சொல்லாமல் போனேன். போர்டு சின்னது, முப்பது நாள் என்றோ கேரண்டி என்றோ எதுவும் இல்லை. பாத்ரூம் எங்கே என்று முதலில் கேட்டேன், சுத்தமாக இருந்தது, வாளியில் தண்ணீர் இருந்தது. வெளியே காத்திருந்த ஒரு நர்சம்மாவிடம் முன்பணம் எவ்வளவு வாங்கினார்கள் என்று விசாரித்தேன். வாங்கவில்லை, முடிந்த பிறகுதான் என்றார். உள்ளே டைப் அடிக்கிற பெண்ணிடம் அதே கேள்வி. அதே பதில்.

அங்கே இருந்தவர் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். மூக்குக் கண்ணாடிக்குமேல் என்னைப் பார்த்து முதலில் ஒன்று சொன்னார்: "இதெல்லாம் நீங்களே செய்யலாம்மா. ரிப்போர்ட்ட வருஷத்துக்கு ஒரு தடவ சும்மாவே எடுத்துப் பாக்கலாம். தப்பு இருந்தா சும்மாவே எழுதிப் போடலாம். எழுதத் தெரியாதவங்களுக்கு நான் எழுதித் தர்றேன், அதுக்குத்தான் கூலி." தப்பாக ஏறியதைத் திருத்தலாம், சரியாக ஏறியதை எவனாலும் அழிக்க முடியாது, முடியும் என்று சொல்கிறவன் திருடன் என்றார். எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. எங்கும் ஜோடனை இல்லை. நான் தேடி வந்த ஆள் இவர்தான் என்று மனசு லேசாகிவிட்டது.

என் ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு, இந்தக் கடன் யாருடையது என்று கேட்டார். முழுக் கதையையும் சொன்னேன். பேர் கொடுத்தது, போட்டோ எடுத்தது, பணத்தை அப்படியே அவள் கையில் வைத்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அப்படியானால் இது தப்பே இல்லையே அம்மா, சரியாகத்தான் ஏறியிருக்கிறது என்றார். கட்டி முடித்து, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கினால் மெல்ல மெல்ல ஏறும். எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். வருஷம் ஒன்றோ இரண்டோ என்றார். பெருநாளுக்கு அவ்வளவு நாள் இல்லை.

நேர்மையான ஆளைத் தேடினேன், கிடைத்தார். அவர் நேர்மையாக, முடியாது என்றார். எழுந்திருப்பதற்காகப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவருக்கு என் முகத்தைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும். ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார், என்னைப் பார்க்கவில்லை. "உங்களுக்குத் தெரியாம உங்க ஆதார வச்சு யாராவது எடுத்திருந்தா அது வேற. போலீஸ்ல புகார் குடுத்து, அந்தக் காப்பிய வச்சு எழுதினா, கடன் குடுத்தவங்க விசாரிச்சாகணும். விசாரண முடியற வரைக்கும் இதத் தனியா ஒதுக்கி வைக்கச் சொல்லி பேங்குல கேக்கலாம். இந்த ரெண்டுல எது நடந்ததுன்னு உங்களுக்குத்தான் தெரியும். யோசிச்சுட்டு வாங்க."

ஆடிட்டருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எத்தனை பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இப்போது எனக்கான பதில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எனக்குப் புரிந்துவிட்டது. நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அவள் என்னை ஏமாற்றினாள், என் அட்டையைத் திருடினாள், என்னைப் போல ஒருத்தியை நிறுத்தினாள் என்று. போட்டால் வீடு கிடைக்கலாம். போடாவிட்டால் கிடைக்காது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "அவ நம்மள நெனச்சாளா?" என்றார். அதில் தப்புச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நினைக்கவில்லைதான். ஒரு போன் பண்ணி, அக்கா கட்ட முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானாவது கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியிருப்பேன். எனக்கு அவள்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரே டப்பாவில் சாப்பிட்டவள். அவளை மூஞ்சிக்கு நேராக நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவது என்று லீவு போட்டுவிட்டு ராணிப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

சிப்காட் பக்கம் வரிசையாகக் கட்டி விட்ட ஒற்றை ரூம்களில் ஒன்றில் இருந்தாள். அம்மா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சுவரில் பைபிள் வசன காலண்டர், ஆணியில் கம்பெனி ஓவர்கோட்டு. என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் சந்தோஷம்தான் முதலில் வந்தது, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. பயந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இளைத்துப்போய், கழுத்தெலும்பு தெரிய இருந்தாள். டீ போட்டாள். நான் டீயைத் தொடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். வீடு, பேங்க், ஸ்கோர், வேலூர் ஆபீஸ். அவள் கட்டாமல் விட்டதை மறுக்கவில்லை. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது, கட்ட முடியவில்லை, உங்களிடம் சொல்ல முகமில்லை என்றாள். தன் பேரிலும் இதே கதிதான், யாருக்கோ பேர் கொடுத்துத்தான் தானும் கெட்டதாகச் சொன்னாள். அதைக் கேட்கிற மனசு எனக்கு அன்றைக்கு இல்லை.

"நான் எழுதிக் குடுக்கப் போறேன்டி" என்றேன். "எனக்குத் தெரியாம நீ எடுத்துட்டன்னு."

அவள் நின்றபடியே இருந்தாள். அழுவாள், காலில் விழுவாள், இல்லாவிட்டால் என்னைத் திட்டுவாள் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

"போலீஸ் வருவாங்களாக்கா?"

"வருவாங்க."

அவள் அம்மா படுத்திருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஞாயித்துக்கெழம வர்ற மாதிரி சொல்ல முடியுமாக்கா? அன்னிக்கி நான் வீட்ல இருப்பேன். கம்பெனிக்கு வந்துட்டா வேல போய்டும்."

அவ்வளவுதான் அவள் கேட்டது. சொல்லிப் பார்க்கிறேன் என்றோ என்னவோ முனகிவிட்டு வெளியே வந்துவிட்டேன். டீ அப்படியே இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேலூர் வரைக்கும் அழுதேன். அவளுக்காக அழுதேன் என்று சொன்னால் பொய். என் வீட்டுக்காகத்தான் அழுதேன். அவள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன், வீடு எனக்காகியிருக்கும். அதற்காக அவள்மேல் முன்னைவிடக் கோபமாக இருந்தது.

கையெழுத்துப் போடப்போவதில்லை என்று வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். திரும்பி வந்ததும், "அப்ப வேற வீடு பாரு" என்றார். அதற்குப் பிறகு வெகு நாளைக்கு எங்களுக்குள் பேச்சென்றால் சாப்பாடு, ரேஷன், கேஸ், அவ்வளவுதான். வேலூர்க்காரருக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொன்னேன். சரிம்மா என்றார். காரணம் கேட்கவில்லை, கூலியும் கேட்கவில்லை. கடன் கொடுத்த கம்பெனியில் பேசி எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொன்னார். இப்போது அந்தக் கடனை மாதா மாதம் நான்தான் கட்டுகிறேன்.

பெருநாள் முடிந்து பாய் வீட்டை ஒரு தோல் வியாபாரிக்கு முடித்துக் கொடுத்தார். பத்திரப் பதிவு அன்றைக்கு ஸ்வீட் பாக்ஸோடு வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார், அவர் என்ன தப்புச் செய்தார்? நாங்கள் பாலாற்றுப் பக்கம் ஒரு போர்ஷனுக்கு வந்தோம். வந்த அன்றைக்கே கேன்காரனைப் பார்த்துச் சொல்லிவைத்தேன். முதல் நாள் அரிசியைக் கழுவும்போது தண்ணீரின் வாசனையில் எனக்குக் குமட்டியது. என் வீட்டுக்காரர் அதே தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனார். அவருக்கு டேனரியில் பழக்கம்.

லைனில் ஒருத்தி பேர் கேட்டாள். என் பேர் இனிமேல் எதற்கும் ஆகாதடி என்றேன். பிகு பண்ணிக்கொள்கிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

கையெழுத்துப் போடவில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ராணிப்பேட்டைக்காரிக்கு மட்டும் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று போனை எடுப்பேன். எடுத்ததும் அந்த மலையடிவார வீட்டின் பின்கட்டும், சுவரைத் தட்டிப் பார்த்த மனுஷரும் கண்ணில் வந்து நிற்பார்கள். நன்றி என்று அவள் சொல்வதை என்னால் கேட்க முடியாது என்று தோன்றும், போனை வைத்துவிடுவேன். கொஞ்சம் பயந்துகொண்டுதான் இருக்கட்டுமே என்றும் தோன்றியது, அதையும் மறைப்பானேன். இப்படியே நாள் போயிற்று.

அவளே கூப்பிட்டாள். ஒரு வியாழக்கிழமை, டிபன் நேரம். முதலில் என் உடம்பைக் கேட்டாள், வீட்டுக்காரரைக் கேட்டாள். வீடு முடிந்ததா என்று கேட்டாள். ம் என்றேன், எதற்கு அந்த ம் என்று எனக்கே தெரியாது.

"நல்லதுக்கா" என்றாள். பிறகு தயங்கினாள். "தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க வந்துட்டுப் போனதுல இருந்து ஞாயித்துக்கெழம ஆனா எங்கயும் போறதில்ல. காலையிலயே குளிச்சு, நல்ல பொடவ கட்டிக்கினு உக்காந்துடறேன். அம்மாவுக்குச் சோறு ஆக்கி மூடி வச்சுடறேன். யாரும் வரலக்கா."

நான் டிபன் டப்பாவை மூடி வைத்தேன்.

"இந்த ஒரு ஞாயித்துக்கெழம மட்டும் சர்ச்சுக்குப் போய்ட்டு வரட்டுமாக்கா? ரொம்ப நாளாச்சு. பூச முடிஞ்ச கையோட வீட்டுக்கு வந்துடுவேன்."

போய்ட்டு வாடி, யாரும் வரமாட்டாங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து அவள் அந்தப் பக்கம் அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.